வைரி இறங்கின காடு

போன வாரம் ஒரு மழை பேஞ்சுதுங்க. மண்ணு பதத்துக்கு வந்துடுச்சு, கொள்ளு விதைச்சுடலாம்னு மேக்காலக் காட்டை உழுதுட்டு இருந்தேன். இட்டேரியில ஒரு பைக் வந்து நின்னுச்சு. இறங்கினவர் பக்கத்து ஊர்க்காரர்தான், இப்ப நிலம் வாங்கி விக்கற வேலை. "ஏனுங்ண்ணா, இன்னும் கொள்ளையும் சோளத்தையும் கட்டிட்டு அழுவறீங்க? சும்மா கெடக்கற காடு. ஏர்போர்ட்டுப் பக்கம்னு போர்டு வெச்சா ஒரே மாசத்துல சைட் போட்டு வித்துடலாம்" அப்படின்னார். சொல்லி முடிக்கறதுக்குள்ள சூலூர் பக்கமிருந்து ஒரு விமானம் எங்க தலைக்கு மேல எழும்பிப் போச்சு. அது போற வரைக்கும் ரெண்டு பேரும் வாயை மூடிட்டு நிக்க வேண்டியதாப் போச்சு. சத்தம் அப்படி.

அவர் போன பின்னால அந்தச் "சும்மா கெடக்கற காடு" மட்டும் மனசுல நின்னுடுச்சு. காடு இப்படி மரமும் மாடியும் இல்லாமக் கெடக்கறதாலதான் அந்த விமானம் இந்தப் பக்கம் தாழப் பறக்க முடியுது. அதனால இந்தத் தடவை மாடு, மழை, விலைவாசியெல்லாம் விட்டுட்டு, எங்க காட்டுக்கும் ஓடுதளத்துக்கும் இருக்கற பழைய உறவைப் பத்தி எழுதறேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

1942 ஏப்ரல்ல இருந்து ஆரம்பிக்கணும். அந்த மாசம் 5ஆம் தேதி ஜப்பான்காரன் விமானங்கள் கொழும்பு மேல குண்டு போட்டுச்சு. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. 9ஆம் தேதி திருகோணமலை. அன்னைக்கே ஹெர்மஸ்ங்கற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலையும் இலங்கைக்குக் கிழக்கால மூழ்கடிச்சுட்டாங்க. மெட்ராசுல சனம் மூட்டை கட்டிட்டு ஊரைக் காலி பண்ணுச்சு. கடலோரத்துல விமானத்தை நிறுத்தி வெச்சா ஒரே நாள்ல போயிரும்னு வெள்ளைக்காரனுக்குப் புரிஞ்சுது. கடலை விட்டுத் தள்ளி, தட்டையா, பாறை இல்லாம எங்க பூமி இருக்குன்னு தேடினாங்க.

அப்படித் தேடி, அந்தப் போர்க்காலத்துல தமிழ்நாடு முழுக்க ஓடுதளம் போட்டாங்க. சோழவரம், அரக்கோணம், உளுந்தூர்பேட்டை, தஞ்சாவூர், செட்டிநாடு, கயத்தாறு... இன்னைக்குப் பாதிப் பேருக்கு இந்த ஊர்கள்ல ஓடுதளம் இருந்ததே தெரியாது. எங்க பக்கம் பீளமேட்டுல 1940லயே ஒரு விமான நிலையம் வந்திருந்துச்சு. அடுத்தது சூலூர்.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச சங்கதி ஒண்ணு இருக்குங்க. பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு பழக்கம். கரையில இருக்கற தளத்துக்கும் கப்பலுக்கு வெக்கற மாதிரியே எச்.எம்.எஸ். போட்டுப் பேர் வெப்பாங்க. விமானத் தளம்னா பறவைப் பேர். இங்க வந்தவங்க நம்ம பறவைப் பேரையே எடுத்துக்கிட்டாங்க. 1942ல கோயமுத்தூர்ல கப்பற்படை விமானங்களைப் பழுது பார்க்கற தளம் வந்துச்சு, அது எச்.எம்.எஸ். கருடா. தாம்பரத்துல இருந்தது எச்.எம்.எஸ். வல்லூறு. இலங்கையில புத்தளத்துல ராஜாளியா, கொழும்புக் குதிரைப் பந்தய மைதானத்துல பேருண்டா. அந்த மைதானத்தையே ஓடுதளமா மாத்தியிருந்தாங்க, போர் முடிஞ்சப்புறம் திரும்பக் குதிரை ஓட விட்டாங்க. 1945ல சூலூருக்கு வெச்ச பேர் எச்.எம்.எஸ். வைரி.

வைரி தெரியுமுங்களா? வல்லூறு சாதியில ஒண்ணு. எங்க ஆத்தா கோழிக்குஞ்சுக மேல கூடையைக் கவுத்து வெக்கறதே இதுக்குப் பயந்துதான். வைரின்னா பகையாளின்னும் ஒரு அர்த்தம் உண்டு. பேர் வெச்ச வெள்ளைக்காரனுக்கு அது தெரிஞ்சிருக்குமான்னு தெரியலை, ஆனா எங்க அப்பாருக்கு ரெண்டு அர்த்தமும் பொருந்துச்சு. அந்தச் சண்டைக் காலத்துல எங்க குடும்பத்துக் காட்டுல ஒரு துண்டு அங்க போச்சு. செம்மண் பூமி, ஒரு வேப்பமரம், ஒரு களம். கருங்கல் உருளையைப் போட்டுக் களம் மெழுகி வெச்சிருந்த இடத்துலயே சரளைக்கல்லைக் கொட்டி ரோலர் ஓட்டினாங்கன்னு அப்பாரு சொல்லுவாரு. சாவற வரைக்கும் அந்தத் திசையைக் கையால காட்ட மாட்டாரு, தாடையைத் தூக்கித்தான் காட்டுவாரு.

அவர் மட்டும் இல்லீங்க. 1942 ஆகஸ்ட்ல வெள்ளையனே வெளியேறு போராட்டம் வந்தப்ப, சூலூர் விமானத்தளத்துக்குள்ள ராத்திரியில பூந்து கொட்டகைக்கும் லாரிகளுக்கும் தீ வெச்சாங்க. அதுக்குப் பின்னால சுத்துப்பட்ட ஊர்கள்ல போலீஸ் ஆடின ஆட்டமும், எங்காளுகளைப் புடிச்சு ஜெயிலுக்கு அனுப்பினதும் பெரிய கதை, அதைத் தனியாத்தான் எழுதணும். ஓடுதளத்தை எங்க சனம் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கலைங்கறதுக்காகச் சொன்னேன். அப்படிப்பட்ட குடும்பத்துல பொறந்த நான் இன்னைக்கு ஓடுதளத்துக்குப் பரிஞ்சு பேசறேன்னா அதுக்குக் காரணம் இருக்கு.

போர் முடிஞ்சு 1946ல கருடாவையும் வைரியையும் கடற்படை மூடிட்டுப் போயிருச்சு. மத்த ஓடுதளங்களும் ஒவ்வொண்ணா அமைதியாச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு விதி. தாம்பரம் விமானப்படைப் பயிற்சித் தளமாயிடுச்சு. சூலூரும் விமானப்படைக்கே வந்துச்சு. அரக்கோணத்தைக் கடற்படை எடுத்துப் பெருசாக்கி 1992ல திறந்துச்சு, பேர் ஐ.என்.எஸ். ராஜாளி. ராமநாதபுரம் பக்கம் உச்சிப்புளியில இருக்கறது ஐ.என்.எஸ். பருந்து. பறவைப் பேர் வெக்கற பழக்கம் மட்டும் மாறலை பாருங்க. தஞ்சாவூர் ஓடுதளம் ரொம்ப வருசம் பெருசா வேலையில்லாமக் கெடந்து, 2013ல முழு விமானப்படைத் தளமாச்சு. 2020ல சுகோய் போர் விமானப் படைப்பிரிவே அங்க வந்து உக்காந்துச்சு.

சோழவரம் கதை வேற. விமானம் போன பின்னால அங்க மோட்டார் பந்தயம் வந்துச்சு. 1950கள்ல இருந்து, இருங்காட்டுக்கோட்டையில தனித் தடம் வர்ற வரைக்கும், தென்னிந்தியாவுல கார் ரேஸ்னா சோழவரம்தான். செட்டிநாட்டு ஓடுதளம் அரசாங்கக் கால்நடைப் பண்ணைக்குப் பக்கத்துல, மாடு மேயற பூமியில கெடக்குது. கயத்தாறுல, கட்டபொம்மனைத் தூக்குல போட்ட அதே ஊர்ல, சுத்திக் காத்தாலைகள் நிக்குது. காத்தாலையைச் சோதிச்சுப் பாக்கற நிலையமே அங்கதான் இருக்கு. உளுந்தூர்பேட்டையில திருச்சி ரோட்டுல போறவங்க பாதிப் பேர் பக்கத்துல ஓடுதளம் இருக்குன்னு தெரியாமத்தான் போறாங்க.

இதெல்லாம் பாக்கறவங்களுக்குத் தரிசு. ஆடு மேயும், பையனுக கிரிக்கெட் விளையாடுவாங்க, மாமன் மச்சானுக்குக் கார் ஓட்டக் கத்துக் குடுப்பான். "இவ்வளவு எடம் வீணாக் கெடக்குதே"ன்னு எவனாவது ஒருத்தன் கண்டிப்பாச் சொல்லுவான். நம்ம ஏரியையும் மந்தைவெளியையும் பாத்துச் சொன்ன அதே வார்த்தைதான். ஏரியில கோடையில தண்ணி இல்லாதப்ப "சும்மா கெடக்குது"ன்னு பஸ் ஸ்டாண்ட் கட்டிட்டு, ஐப்பசியில முழங்கால் தண்ணியில நின்ன ஊருக எத்தனை.

ஓடுதளம் சாவறது எப்படின்னு புரிஞ்சுக்கணும்னா ஒரு கணக்கு தெரியணும். ஓடுதளத்து நிலத்தை யாரும் தொட வேண்டியதே இல்லை. ரெண்டு முனைக்கும் வெளிய என்ன எழும்புதுங்கறதுதான் சங்கதி. பெரிய ஓடுதளத்துக்குப் பொதுவா 50க்கு 1னு ஒரு சரிவு. முனையிலிருந்து 50 மீட்டர் தள்ளிப் போனா ஒரு மீட்டர் உயரம் வரைக்கும் சம்மதம். அரைக் கிலோமீட்டர் தள்ளி 10 மீட்டர், அதாவது மாடி வீடும் மேல ஒரு தண்ணித் தொட்டியும். ஒரு கிலோமீட்டர்ல 20 மீட்டர், ஒரு நல்ல தென்னை. சின்ன ஓடுதளத்துக்குச் சரிவு இன்னும் செங்குத்தா இருக்கலாம்னு விட்டிருக்காங்க, அவ்வளவுதான். இந்தச் சரிவை முட்டிட்டு ஒரு கட்டடமோ கோபுரமோ வந்துட்டா, விமானம் தரையைத் தொடற இடத்தை உள்ள தள்ளிப் போடணும். காகிதத்துல ஓடுதளம் முழுசா இருக்கும், இறங்கறதுக்குக் குட்டையாயிடும். நாலு கட்டடம் வந்தா நாலு தடவை குட்டையாகும். கடைசியில பெரிய விமானம் வராது, அப்புறம் சின்னதும் வராது.

"அப்ப வேற பக்கமாத் திருப்பிக்க வேண்டியதுதானே"ன்னு ஒருத்தர் கேட்டார். முடியாதுங்க. ஓடுதளத்தோட திசையைக் காத்துதான் முடிவு பண்ணுது. காத்தை எதுத்து ஏறணும், எதுத்து இறங்கணும். நமக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆடியில வர்ற காத்து தெரியும்ல, தூத்தறதுக்குக் களத்துல எந்தப் பக்கம் நிக்கணும்னு சொல்லற காத்து? பீளமேட்டு ஓடுதளம் தென்மேற்கு–வடகிழக்காப் படுத்திருக்கறது அதனாலதான். களத்தையாவது தள்ளிப் போட்டுக்கலாம், காத்தைத் தள்ளிப் போட முடியாது.

சென்னையில இதைக் கண்ணால பாத்தாங்க. அடையாத்து மேல பாலம் கட்டி, அவ்வளவு செலவு பண்ணி, ரெண்டாவது ஓடுதளத்தை நீட்டினாங்க. கொளப்பாக்கம் பக்கத்துக் கட்டடங்கள் குறுக்க நின்னதால நீட்டின நீளம் முழுசையும் பயன்படுத்த முடியாமப் போச்சு. பம்பாய் ஜுஹு இன்னும் பழைய கதை. 1928ல கடலோரத்துல வந்த சின்ன விமான நிலையம். 1932 அக்டோபர் 15ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியில இருந்து தபால் மூட்டையோட அகமதாபாத் வழியா வந்து இறங்கினது அங்கதான். அங்க இருந்து நெவில் வின்சென்ட்ங்கறவர் அந்தத் தபாலைப் பெல்லாரி வழியா மெட்ராசுக்குக் கொண்டு வந்தார். இந்திய விமானப் போக்குவரத்தே பொறந்த பூமின்னு சொல்லலாம். போருக்குப் பின்னால பெரிய விமானமெல்லாம் சாந்தாகுரூசுக்குப் போயிருச்சு, ஊர் ஜுஹுவை நாலு பக்கமும் சூழ்ந்துடுச்சு. இப்ப பெரும்பாலும் ஹெலிகாப்டர்தான். 1972ல ஒரு ஜப்பான் விமானம் சாந்தாகுரூஸ்னு நெனச்சு அங்க இறங்கி ஓடுதளத்தைத் தாண்டிப் போயிருச்சு. ஊருக்குள்ள மாட்டின ஓடுதளத்துல மிச்ச இடம்னு ஒண்ணு இருக்காது.

சரி, விமானம் வந்தா என்ன, வராட்டி என்ன, வெவசாயிக்கு இதுல என்னன்னு கேப்பீங்க. இங்கதான் நான் சொல்ல வந்த விசயமே இருக்கு.

பீளமேட்டையே எடுத்துக்குங்க. 1940ல அது ஊருக்கு வெளிய. 1980கள்ல ஓடுதளத்தை நீட்டறதுக்காக மூடினப்ப, விமானமெல்லாம் சூலூர்ல இறங்குச்சு. பக்கத்துல இன்னொரு ஓடுதளம் உயிரோட இருந்ததால கோயமுத்தூர் தப்பிச்சுது. 1987ல திரும்பப் பீளமேடு திறந்துச்சு. அப்பவே சுத்தி இருந்த காட்டை விரிவாக்கத்துக்குன்னு ஒதுக்கி வெச்சிருந்தா ஆச்சு. வெக்கலை. சைட், மில்லு, காலேஜ், ஆஸ்பத்திரின்னு நிறைஞ்சுது. 2010 வாக்குல 627 ஏக்கர் வேணும்னு வந்து நின்னாங்க. காளப்பட்டி, சிங்காநல்லூர், உப்பிலிபாளையம், நீலாம்பூர்னு அளந்தாங்க. பத்து வருசத்துக்கு மேல இழுத்துச்சு. அந்தப் பத்து வருசம் அந்தக் காட்டுக்காரன் விக்கவும் முடியாம, போர் போடவும் மனசு வராம, மக கல்யாணத்துக்கு அடமானம் வெக்கவும் முடியாம நின்னதை நான் கண்ணால பாத்திருக்கேன். எங்க சம்பந்தி வீடு அதுல ஒண்ணு.

சேலத்துலயும் அப்படித்தான். காமலாபுரத்துல 1993ல திறந்தாங்க, விமானம் வந்துச்சு, நின்னுச்சு, பல வருசம் பூட்டியே கெடந்துச்சு. 2018ல திரும்ப விமானம் விட்டதும், விரிவாக்கம்னு சொல்லி அளவுக்கல் நடவும் ஒண்ணா வந்துச்சு. வெவசாயிக கொதிச்சுப் போனாங்க. பரந்தூர் உங்களுக்கே தெரியும். 2022ல அறிவிச்சதுல இருந்து ஏகனாபுரத்துச் சனம் போராடிட்டு இருக்கு. அங்க போறது ஏரியும் நெல்லு வயலும்.

ஒரு ஓடுதளத்தைக் கட்டடம் மூச்சு முட்ட வெச்சா, போறது அந்த ஓடுதளம் மட்டும் இல்லீங்க. பதிலுக்கு இன்னொரு இடத்துல புதுசா ஒண்ணு வேணும்பாங்க. அந்த "இன்னொரு இடம்" எப்பவும் எவனோ ஒருத்தனோட வெள்ளாமைக் காடுதான், மாலும் அபார்ட்மென்ட்டும் இடிச்சு யாரும் ஓடுதளம் போடறதில்லை. 1942ல எங்க அப்பாரு குடுத்தது ஒரு தடவை. போர்க்கால ஓடுதளம் ஒவ்வொண்ணும் அப்படி எவனோ ஒரு அப்பாரு குடுத்த பூமி. அதை உருப்படியா வெச்சுக்கிட்டா அடுத்தவன் அப்பாரு தப்பிப்பான்.

இன்னொண்ணும் இருக்கு. ஓடுதளத்துக்கு நல்ல பங்காளி வெள்ளாமைக் காடுதான். கொள்ளு முழங்கால் உசரம், சோளம் ஆள் உசரம், எதுவும் சரிவை முட்டாது. ஓடுதளத்து முனையில தென்னந்தோப்பு வெக்கக் கூடாது, பனை வெட்ட வேண்டி வரலாம், அந்த ஒரு சங்கடம்தான். சத்தத்துக்கு வழக்குப் போடறதும் காட்டுக்காரன் இல்லை. மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்துல சைட் வாங்கி வீட்டைக் கட்டிட்டு, அப்புறம் சாணி நாத்தம்னு பஞ்சாயத்துக்கு வர்றாங்களே, அந்த மாதிரி ஆளுகதான் ஓடுதளத்துக்குப் பக்கத்துல குடி வந்துட்டுச் சத்தம்பாங்க.

சட்டம் இல்லாம இல்லை. 2015ல மத்திய அரசு போட்ட உயரக் கட்டுப்பாட்டு விதி இருக்கு. விமான நிலையத்தைச் சுத்தி எங்க எவ்வளவு உயரம்னு கலர் போட்டு வரைபடமே வெச்சிருக்காங்க, அதை மீறணும்னா தடையின்மைச் சான்று வாங்கணும். ராணுவத் தளத்துக்கு 1903ஆம் வருசத்துச் சட்டமே இருக்கு. 1937 விமான விதிகள்ல 91வது விதி, 10 கிலோமீட்டருக்குள்ள பறவை கூடற மாதிரி ஆடு மாடு அறுத்துப் போடறதும் குப்பை கொட்டறதும் கூடாதுங்குது. எங்க பக்கம் ராத்திரியில வண்டியில கோழிக் கழிவைக் கொண்டாந்து ரோட்டோரம் கொட்டிட்டுப் போறானுகளே, பொழுது விடிஞ்சா பருந்து வட்டம் போடுது. அந்த விதியை எழுதினவன் அதைப் பாத்தா என்ன சொல்லுவானோ.

ஆனா இந்த உயர விதி பட்டியல்ல பேர் இருக்கற நிலையத்துக்குத்தான் காவல். விமானமே வராத பழைய ஓடுதளத்தோட முனையில அஞ்சு மாடி கட்டினா யார் வந்து கேக்கப் போறாங்க? அடுத்த முப்பது வருசத்துல எந்த ஓடுதளம் வேணும்னு இன்னைக்குத் தெரியாது. தஞ்சாவூர் பெரிய தளமாகும்னு 1990ல யாரு நெனச்சா?

காட்டுக்காரன் பக்க வருத்தத்தையும் சொல்லிடணும், இல்லாட்டி நான் ஊருக்கு உபதேசம் பண்றவனாயிடுவேன். காட்டைத் திறந்த வெளியா வெச்சிருக்கறதுக்கு எங்களுக்கு ஒரு ரூபா கெடையாது. அந்தப் பக்கத்துக்காரன் சைட் போட்டுக் காரு வாங்கிட்டான், நான் கொள்ளு விதைச்சுட்டு நிக்கறேன். போன வருசம் ஒரு ஆபீசுல போய், எங்க காட்டுல எவ்வளவு உயரம் வரைக்கும் கட்டலாம்னு கேட்டேன். அங்க அனுப்பினாங்க, அங்க இருந்து இங்க அனுப்பினாங்க. மூணாவது தடவை போனப்ப "எதுக்குக் கேக்கறீங்க, கட்டப் போறீங்களா?"ன்னாங்க. இல்லீங்க, பக்கத்துல கட்டறாங்கன்னேன். அப்ப உங்களுக்கு என்னன்னு கேட்டாங்க.

எங்க காடு ரெண்டு பங்கு. ஒண்ணு என்னுது, ஒண்ணு தம்பியோடது. அவன் பையன் காலேஜ் முடிக்கப் போறான், திருப்பூர்ல கடனும் இருக்கு. அந்தப் பைக்காரர் என்கிட்ட வர்றதுக்கு முன்னாலயே அவன்கிட்டப் பேசிட்டாருன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஞாயித்துக்கிழமை வந்து பேசறேண்ணான்னு தம்பி போன் பண்ணியிருக்கான். அவனை வேண்டாம்னு சொல்லற உரிமை எனக்கு இல்லை. வந்தா இந்தக் கதையைச் சொல்லலாம்னு இருக்கேன், அப்பாரு தாடையைத் தூக்கிக் காட்டினது அவனுக்கு ஞாபகம் இருக்காது, அப்ப அவன் தொட்டில்ல.

கொள்ளு விதைச்சாச்சுங்க. அவன் பங்குலயும் சேத்துத்தான். நாலு நாள்ல முளைச்சுடும்.